தை வரைக்கும் சும்மா கிடக்கும் இடம்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. நேற்று போனில் நீ பேசியதிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. "தோட்டம் ஒழுங்காகட்டும், அப்புறம் காய்கறி போடலாம்" என்றாய். பின்பக்கம் தை மாதம் ஓர் அறை எழுப்பப் போகிறீர்கள். மேற்கே மாங்கன்றுகள் இப்போதுதான் வேர் பிடிக்கின்றன. பக்கத்து மனை வேறொருவருடையது. ஆகவே காய்கறிக்கு இடமில்லை என்பது உன் கணக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றுமே இடம்தான். எது எத்தனை நாள் உன் கையில் இருக்கும் என்பதுதான் வேறுபடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு விதையை எடு. பலரும் விதையை முதலில் வாங்கிவிட்டு அப்புறம்தான் இடம் தேடுகிறார்கள்.

பின்பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஆடி பிறக்கச் சில நாள்தான் இருக்கிறது. மார்கழியில் யாரும் கட்டட வேலை தொடங்கமாட்டார்கள். ஆக, ஆறு மாதம் முழுசாகக் கிடைக்கிறது. முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பிடுங்க வந்துவிடும். முள்ளங்கிக்கு 45 நாள். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி, மூன்று மூன்றரை மாதத்தில் ஓய்ந்துவிடும். கொத்தவரையும் ஏறக்குறைய அப்படித்தான். கத்தரிதான் நெடுநாள் பயிர். நாற்றங்காலில் ஒரு மாதத்துக்கு மேல், நட்டபின் காய்க்க இரண்டு மாதம், அதன் பிறகு இரண்டு மூன்று மாதம் பறிப்பு. இந்த வாரமே ஒரு தொட்டியில் கத்தரி நாற்று விட்டுவிடு. கொத்தனார் வரும்போது செடியும் களைத்திருக்கும், பிடுங்க மனசு வலிக்காது.

கத்தரி நட்டதும் இரண்டு வரிசைக்கு நடுவில் வெறும் மண் தெரியும். அதையும் விடாதே. செடி படர்ந்து நிழல் கட்டுவதற்குள் அங்கே ஒரு கீரை எடுத்துவிடலாம். கீரை விதையைத் தனியாகத் தூவினால் எறும்பு வரிசை கட்டி இழுத்துப் போய்விடும். கொஞ்சம் ரவையைக் கலந்து தூவு, எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு போகும். விதை சீராக விழ மணலும் சேர்த்துக்கொள்.

இதற்கெல்லாம் முன்னால் மண்ணைப் பார். வீடு கட்டிய இடத்து மண்ணை நம்பி உடனே விதைக்காதே. கடைக்கால் தோண்டிய அடிமண்ணை மேலே பரப்பி வைத்திருப்பார்கள், அதில் சத்து இருக்காது. சிமென்ட் கலவை போட்ட இடம் எது என்று உனக்கே நினைவிருக்கும். அங்கே மேல் ஓட்டைப் பெயர்த்து ஒரு சாண் ஆழத்துக்கு வெளியே தள்ளிவிடு. சிமென்டின் சுண்ணாம்பு மண்ணில் நின்றால் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மாறாது. ஜல்லி, ஆணி, கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, நன்றாக மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலந்து கொத்திவிடு. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்காதபடி மேடாகப் பாத்தி கட்டு. செப்டிக் டேங்க் பக்கம் கீரையே போடாதே.

வெண்டை காய்க்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்துப் பார், டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்து நார் விட்டால் முற்றல். நாலு காயை முற்றவிட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டில் சொல்லிப் பறித்துக்கொள்ளச் சொல். கத்தரியில் கொழுந்து திடீரென்று வாடித் தொங்கினால் தண்ணீர்க் குறை என்று நினைக்காதே. அந்த நுனியைக் கிள்ளிப் பிளந்து பார், உள்ளே வெளிர் சிவப்பில் ஒரு புழு இருக்கும். அன்றன்றைக்குக் கிள்ளி அழித்துவிட்டால் காய்க்குள் போகிற புழு வெகுவாகக் குறையும். காலையில் ஒரு நடை நடந்து பார்க்கிறவளுக்கு மருந்துப் புட்டி தேவைப்படாது.

மாங்கன்றுப் பக்கம் வேறு மாதிரி. அந்த இடம் உனக்கு நாலைந்து வருஷத்துக்காவது கிடைக்கும், ஆனால் அங்கே எஜமான் கன்றுதான். தென்னந்தோப்பு வைக்கிறவர்கள் 25 அடி இடைவெளி விட்டு நட்டு, முதல் ஐந்தாறு வருஷம் நடுவில் ஊடுபயிர் எடுப்பார்கள். மட்டை படர்ந்து நிழல் அடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். மரம் நன்றாக ஓங்கி, இருபது வருஷம் கடந்து, வெயில் மறுபடி தரைக்கு இறங்கும்போது திரும்பவும் பயிர் வைப்பார்கள். உன் மாவுக்கும் அந்த நிதானம் வேண்டும். கன்றைச் சுற்றி மூன்றடிக்கு மண்வெட்டி போகக் கூடாது. பாகல், புடலை, பூசணி அங்கே வேண்டாம். கொடி ஒரே வாரத்தில் கன்றின் மேல் ஏறி அமுக்கிவிடும். தட்டைப்பயறும் நிலக்கடலையும் போடு. தட்டைப்பயறு வேரைப் பிடுங்கிப் பார்த்தால் கடுகு கடுகாய் முடிச்சுகள் இருக்கும். நசுக்கினால் உள்ளே சிவந்திருக்கும். காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தருவது அதுதான். காய் பறித்து முடித்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுத்துக் கன்றுக்கு மூடாக்காகப் போட்டுவிடு. ஆனால் வெண்டை வேரிலோ கத்தரி வேரிலோ முடிச்சைப் பார்த்தால் சந்தோஷப்படாதே, அது நூற்புழு. அந்தப் பாத்தியில் அடுத்து துலுக்கச் சாமந்தி போடு.

பக்கத்து மனைக்காரரிடம் முகம் பார்த்துக் கேட்டுவிடு. கேட்காமல் ஒரு விதை விழக் கூடாது. சம்மதித்தால் மூன்று மாதத்துக்குள் முடிகிற பயிர் மட்டும். முருங்கை வைக்கும் ஆசை உனக்கு உண்டு என்று தெரியும். பெரியகுளம் கல்லூரி 1989இல் தந்த பி.கே.எம்.1 செடிமுருங்கைகூடக் காய்க்க ஆறு மாதம் எடுக்கும், அதன் பிறகும் வருஷக்கணக்கில் நிற்கும். அடுத்தவர் மனையில் மரம் நின்றால் நல்ல உறவும் வழக்காகிவிடும். முதல் பறிப்பில் ஒரு கூறு அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

முக்கியமாக ஒன்று. தையில் கொத்தனார் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், பின்பக்கத்து மேல்மண்ணை ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்து மாங்கன்றுகளுக்கு நடுவே கொண்டுபோய்க் கொட்டிவிடு. ஆறு மாதம் நீ உரம் போட்டுக் கீரை வேரும் கத்தரி வேரும் ஓடிப் பதமாகிய மண் அது. அதன்மேல் கான்கிரீட் போட விடாதே. இதற்கு ஆள்கூலி கொடுத்தாலும் தகும். இடம் போனாலும் மண் உன்னோடு வரும் என்று தெரிந்தால் தற்காலிக இடத்தில் உரம் போட உனக்குக் கை கூசாது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வந்த உன் பெரியப்பாவிடம் விதைப் பொட்டலங்கள் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, இரண்டு வகைக் கீரை, கத்தரி எல்லாம் நம் வீட்டில் எடுத்தவை. நீ கேட்ட பந்தல் அவரை அதில் இருக்காது. ஆடியில் போட்டாலும் பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் அது பூக்கும். உன் பின்பக்கத்தில் போட்டால் கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கும்போதுதான் கடைக்கால் தோண்ட ஆள் வருவார்கள். முன்பக்கத்துக் கம்பிவேலியை யாரும் ஒரு வருஷத்துக்குத் தொடமாட்டார்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டு உறுதியாக எழுது. மறு பஸ்ஸில் அவரையும் வரும்.

அன்புடன்,
உன் பெரியம்மா