கூரையைப் பார்க்காதே

அன்புள்ள கயல்விழிக்கு,

தேக்கடியிலோ மேகமலையிலோ ஒரு காட்டு விடுதியில் தங்க வேண்டும், எதை நம்பிப் பதிவு செய்வது என்று கேட்டிருந்தாய். மூங்கில் சுவர், புல் வேய்ந்த கூரை, வாசலில் பச்சை எழுத்தில் 'ஈகோ' என்றொரு பலகை: படத்தில் எல்லா விடுதியும் ஒன்றுபோலத்தான் தெரியும். கூரையைப் பார்த்து முடிவு செய்யாதே. அங்கே கழிவுநீர் எங்கே போகிறது, நீ கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்று விசாரி. மற்றதெல்லாம் அலங்காரம் என்பது என் கட்சி.

தண்ணீரைப் பற்றிக் கேட்க மதுரைக்காரர்களுக்குத் தனி உரிமையே உண்டு. வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அந்த மலைக்காட்டைச் சேர்ந்ததுதான். அது போதாதென்று, அரபிக்கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்றை 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் திருப்பிவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கை விளையவைத்து, வைகை அணையில் சேர்ந்து, மேலூர் வயல் வரைக்கும் வருவதும் நம் வீட்டுக் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான். ஆக, அந்த மலையில் தங்குகிற மதுரைக்காரர் தன் வீட்டு மொட்டைமாடித் தொட்டிமேல் குடியிருக்கிறார். பருவமழையில் மழைக்காட்டு மண் வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். சமவெளியில் ஒழுங்காக வேலை செய்யும் உறிஞ்சுகுழி அங்கே நிரம்பி வழிந்து, சரிவில் இறங்கி ஓடையில் கலந்துவிடும். விடுதிக்காரர்கள் சோலார் தகடு வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அது மின்கட்டணத்தையும் குறைக்கிறது, யாரும் சொல்லாமலே வைப்பார்கள். கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் காசு செலவாகுமே தவிர வராது. அதனால்தான் அதைக் கேட்கச் சொல்கிறேன்.

பணத்துக்குப் பெரியாறு புலிகள் காப்பகத்தைவிட நல்ல சாட்சி நம் பக்கத்தில் இல்லை. குமுளி வட்டாரத்தில் ஒரு கூட்டம், வயனா எனப்படும் காட்டு இலவங்கப்பட்டைக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்து, உரித்துத் திருட்டுத்தனமாக விற்றுக்கொண்டிருந்தது. 1990-களின் பிற்பகுதியில், உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், வனத்துறை அவர்களைக் குழுவாகச் சேர்த்து, பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகிற வேலையைக் கொடுத்தது. திருடப் போன தடத்தில்தான் இன்று காவலுக்கும் போகிறார்கள். மன்னான், பளியர் பழங்குடியினருக்கும் வழிகாட்டும் வேலை கிடைத்தது. 'வசந்த சேனை' என்ற குழுவின் பெண்கள் கூலியே வாங்காமல் முறைவைத்துக் காட்டைச் சுற்றிவருகிறார்கள். காடு நின்றால் தன் ஊருக்குப் பிழைப்பு நிற்கும் என்ற கணக்கு இல்லாமல் இது நடந்திருக்காது.

யாருமே போகாவிட்டால் காடு இன்னும் நன்றாக இருக்குமே என்பாய். பட்டை உரித்த நாளில் உட்காட்டில் பயணி எவரும் இல்லை, மரம் விழத்தான் செய்தது. ஆனாலும் உன் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. நீலகிரியின் சீகூர் பகுதியில் யானைகள் போகிற வழியிலேயே விடுதிகள் முளைத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் யானைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2020-இல் அதை உறுதி செய்தது. இடம் தவறென்றால் மூங்கிலில் கட்டினாலும் தவறுதான்.

கழிவுநீரையும் பணத்தையும் ஒழுங்காகக் கவனிக்கிற விடுதிகளில் வாடகை அதிகம், வசதியுள்ளவர்களுக்குத்தானே என்றும் கேட்கலாம். தங்கும் ஆளைக் குறைத்தால் வாடகை ஏறும், அதற்கு மாற்று இல்லை. ஆனால் இரவு காட்டுக்குள்தான் படுக்க வேண்டும் என்று யார் சொன்னது? குமுளியில் சாதாரண லாட்ஜில் தங்கிக்கொள். மிச்சப்பட்ட பணத்தில் வனத்துறையின் நடைப்பயணத்துக்குச் சீட்டு வாங்கு. அந்தப் பணத்தில் வழிகாட்டிகளுக்கும் பங்கு போகும். மழைக்காலத்தில் போனால் அட்டைக்கு முழங்கால் வரை துணியுறை கட்டி, மூக்குப்பொடியும் தூவிவிடுவார்கள். வாசனைத் தைலம் எதையும் பூசிக்கொண்டு போகாதே.

அன்புடன்,
மாமா