டிரெய்லரின் வாலில் ஜெனரேட்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். குளிர்காலம் வந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில் எங்கு பார்த்தாலும் டிரெய்லர்களும் மோட்டார் வீடுகளும்தான். அந்த வெட்டவெளியில் மின் இணைப்பு கிடையாது. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் இருக்கும் மேதர் முகாமிலும் வண்டியைச் செருக மின்கம்பம் இல்லை. சூரியத் தகடும் லித்தியம் பேட்டரியும் விளக்குக்கும் பம்புக்கும் போதும். கூரை ஏசியை மணிக்கணக்கில் ஓட்டுவதற்குப் பெரும்பாலோர் இன்னும் ஜெனரேட்டரைத்தான் நம்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பும் நம் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

எந்த ஜெனரேட்டர் வாங்கலாம் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். அதை எங்கே வைத்துக் கொண்டுபோவது என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முக்கியம். வண்டி ஓடும்போது ஜெனரேட்டர் இருக்கும் இடம் டிரெய்லரின் நிதானத்தைத் தீர்மானிக்கிறது. வண்டி நிற்கும்போது உள்ளே தூங்குகிறவர்களின் உயிரைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டைச் சுற்றியும் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

“பின் பம்பர் இரும்புதானே, தாங்கும்”

அந்தப் பம்பரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பெரும்பாலான டிரெய்லர்களில் அது நாலங்குலச் சதுரக் குழாய். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே கழிவுநீர் வெளியேற்றும் ரப்பர் குழாய் கிடக்கும். அந்த ஈரம் பட்டுப்பட்டு உட்புறத்தில் துருவும் ஏறியிருக்கலாம். குழாயின் ஓரத்தைப் பார்த்தாலே தகடு எவ்வளவு மெல்லிசு என்று தெரிந்துவிடும். இந்தக் குழாய் சட்டத்தின் இரு கைகளோடு சேரும் இடத்தில் இருப்பது சில அங்குல நீள வெல்டு மட்டுமே. உபரிச் சக்கரத்தைத் தவிர வேறெதையும் இதில் மாட்டாதீர்கள் என்று பல உற்பத்தியாளர்கள் கையேட்டிலேயே எழுதிவிடுகிறார்கள்.

அதில் தட்டு ஒன்றைக் கவ்வவைத்து ஜெனரேட்டரை ஏற்றும்போது எடை பம்பரின் மேல் நேராக இறங்குவதில்லை. ஓரடி, இரண்டடி பின்னால் தள்ளி நிற்கிறது. அதனால் குழாய் முறுக்கப்படுகிறது. சாலையில் ஒவ்வொரு குழியிலும் டிரெய்லரின் வால் மேலும் கீழும் துள்ளும். நிற்கும்போது 50 கிலோவாக இருந்த சுமை அந்த நொடியில் பல மடங்காக இழுக்கும். வெல்டு ஒரே நாளில் விடுவதில்லை. முதலில் பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு தோன்றும், பிறகு அந்தக் கோட்டோரம் துருவின் நிறம் படியும். கடைசியில் நெடுஞ்சாலையில் பம்பரும் தட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்து கழன்று, பின்னால் வருகிறவர் முன் விழும். உங்கள் பொருள் போவதை விடுங்கள், பின்னால் வரும் வண்டியில் யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள்.

பம்பரைத் தொடாமல், அடிச்சட்டத்திலேயே உறுதியான குறுக்குச் சட்டமும் ரிசீவரும் வெல்டு செய்துகொள்ளலாம். முறிந்து விழும் ஆபத்து பெருமளவு தீர்ந்துவிடும். ஆனால் அதைவிடப் பெரிய பிரச்சினை அப்படியே இருக்கிறது.

“மூவாயிரம் கிலோ டிரெய்லருக்கு நூறு கிலோ ஒரு பொருட்டா?”

எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்கொக்கியின் பந்தின் மேல் இறங்க வேண்டும். டங் வெயிட் என்று இழுவைக்காரர்கள் சொல்வது இதைத்தான். இது குறைந்தால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் எடை 2,700 கிலோ. பந்தின் மேல் 12 சதவீதம், அதாவது 324 கிலோ. பந்துக்கும் அச்சுகளின் நடுவுக்கும் 16 அடி தூரம். அச்சுக்குப் பின்னால் தட்டு வரை 10 அடி. அந்தத் தட்டில் ஹோண்டா EU3000iS போன்ற 59 கிலோ ஜெனரேட்டர், அதன் தொட்டி நிறையப் பெட்ரோல், 20 லிட்டர் கேன் ஒன்று, தட்டின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோ வந்துவிடும். அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்துத் துலாக்கோல் போல் பாருங்கள்: பின்னால் வைத்த 100 கிலோ, முன்னால் 62 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பந்தின் மேல் மிச்சம் 262 கிலோ. மொத்த எடையோ இப்போது 2,800. சதவீதம் 9.4 ஆகிவிட்டது, பத்துக்குக் கீழே. அச்சுகளின் மேல் கூடியது 100 அல்ல, 162 கிலோ. டயர்களுக்கும் அது தெரியும்.

அது மட்டும் இல்லை. வாலின் நுனியில் இருக்கும் எடை, ஒருமுறை ஆட்டம் தொடங்கிவிட்டால் அதை அடங்கவிடாது. ஓடும் பட்டையின் மேல் பொம்மை டிரெய்லரை வைத்து இதைக் காட்டும் செயல்விளக்கத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். எடைக்கட்டி முன்னால் இருக்கும்போது கையால் தட்டிவிட்டாலும் இரண்டு அசைவில் நேராகிவிடும். அதே கட்டியைப் பின்னால் மாற்றித் தட்டினால் ஆட்டம் பெருகிப் பெருகி இழுவண்டியையும் சேர்த்துப் புரட்டிப்போடும். மொத்த எடையில் ஒரு கிராம்கூட மாறவில்லை, இடம்தான் மாறியது.

பெரிய லாரி ஒன்று முந்திச் செல்லும்போது கிளம்பும் காற்று, நிஜச் சாலையில் அந்தக் கைத்தட்டுக்குச் சமம். ஆட்டம் வந்துவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக் கன்ட்ரோலரில் உள்ள நெம்புகோலைக் கையால் அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வையுங்கள்.

பின்தட்டில் இன்னொரு சிறு சிக்கலும் உண்டு. நம்பர் பிளேட்டையோ பின்விளக்கையோ அது மறைத்தால் போலீஸ் நிறுத்தும்.

“அப்படியானால் முன்னால், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் வைத்துவிடலாம்”

இது பாதி சரி. முன்பக்க முக்கோணச் சட்டம் பம்பரைவிடப் பல மடங்கு பலமானது. எடை முன்னால் இருந்தால் ஆட்டமும் குறையும். ஆனால் அதே 100 கிலோவைப் பந்துக்கு மூன்றடி பின்னால் வைத்தால் 81 கிலோ பந்தின் மேல் கூடும். 324 என்பது 405 ஆகிவிடும். ஹிட்ச்சின் மேல் 800 பவுண்டு, அதாவது 363 கிலோ என்று முத்திரை குத்தியிருந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். டிரக்கின் பின்புறம் அமுங்கும், முன்சக்கரங்கள் லேசாகும், ஸ்டீயரிங் பிடி தளரும். முத்திரையைப் படிக்காமல் துளை போடாதீர்கள்.

மேலும், அங்கே இருப்பவை புரோப்பேன் சிலிண்டர்கள். கசிவு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னால் ஏற்றிக் கொண்டுபோவது வேறு, அங்கேயே வைத்து இயக்குவது வேறு. சூடான புகைபோக்கியும் பொறி பறக்கும் எஞ்சினும் சிலிண்டரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

“டிரெய்லருக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் திருடுபோகாது”

திருட்டுப் பயம் நியாயமானது. ஆனால் படுக்கைக்கு அடியில் குறுக்காகப் போகும் அந்தச் சாமான் அறைக்கும், நீங்கள் தூங்கும் இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய பலகை. அதிலும் ஒயர் போவதற்கு ஓட்டைகள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போய்த் தாழ்வான இடத்தில் தேங்கும். டிரெய்லரின் வெந்நீர்க் கொதிகலனும், கேஸில் ஓடும் குளிர்பெட்டியும் நெருப்பில் வேலை செய்பவை, இரண்டும் தரைமட்டத்தை ஒட்டியவை. வெயிலில் சூடேறிய தொட்டி ஆவி விட, கீழே தானாகப் பற்றவைக்கும் கருவி ‘டிக் டிக்’ என்று பொறி தட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சரியான இடம் எது? டிரக்கின் திறந்த பின்தொட்டிதான். நிமிர்த்தி வைத்து நான்கு பக்கமும் பட்டை போட்டு இறுக்க வேண்டும். படுக்கப்போட்டால் எஞ்சின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, அடுத்தமுறை கயிறு இழுக்கும்போது அசையாது. ஜெனரேட்டரின் தொட்டி மூடியில் உள்ள காற்றுத் துளையையும் பெட்ரோல் வால்வையும் மூடிவிட்டு ஏற்றுங்கள். இங்கும் எடைக் கணக்கு உண்டு. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள மஞ்சள் வெள்ளைத் தாளில் வண்டி எவ்வளவு சுமக்கும் என்று போட்டிருக்கும். டங் வெயிட்டும் பயணிகளும் சாமானும் அதற்குள் அடங்க வேண்டும். பெட்ரோல் கேனை எப்போதும் தரையில் இறக்கி வைத்தே நிரப்புங்கள். பின்தொட்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்து நிரப்பினால் நிலைமின் பொறி தீ வைத்துவிடலாம்.

எஸ்யூவியில் இழுப்பவர்களுக்குப் பின்தொட்டி இல்லை. அவர்கள் பெட்ரோலோடு புரோப்பேனிலும் ஓடும் இருவகை ஜெனரேட்டரை வாங்குவது நல்லது. டிரெய்லரில் ஏற்கெனவே இருக்கும் சிலிண்டரிலிருந்தே ஓட்டிக்கொள்ளலாம், திறன் ஏறத்தாழ பத்து சதவீதம் குறையும், அவ்வளவுதான். ஒரு துளிப் பெட்ரோலும் ஊற்றாத ஜெனரேட்டரை அச்சுக்கு நேர் மேலே, உள்ளே வைத்துக் கொண்டுபோகலாம்.

“ஏசி போட்டுக்கொண்டே போகலாம், ஜெனரேட்டர் ஓடட்டும்”

கூடாது. மோட்டார் வீடுகளில் உள்ளேயே பொருத்தப்பட்ட ஜெனரேட்டர் ஓட்டத்தில் இயங்கவே வடிவமைக்கப்பட்டது. கையால் தூக்கும் ஜெனரேட்டர் சமதரையில் நின்று ஓடுவதற்கானது.

“பெரியதாக வாங்கிவிட்டால் கவலையில்லை”

பெரியது என்றால் எடையும் பெரியது. மேலே போட்ட கணக்கெல்லாம் கெட்டுப்போவது இங்கேதான். ஹோண்டாவின் EU2200i சுமார் 21 கிலோ, ஒரு ஆள் ஒரு கையில் தூக்கலாம். EU7000iS 118 கிலோ, நான்கு பேர் வேண்டும். 13,500 பிடியூ கூரை ஏசி ஓடும்போது கேட்பது ஏறக்குறைய 1,500 வாட்தான். கிளம்பும் அந்த ஒரு நொடிதான் பல மடங்கு கேட்கும். ஏசிக்குள் ‘சாஃப்ட் ஸ்டார்ட்’ கருவி ஒன்றைப் பொருத்தினால் அந்த உதைப்பு தணிந்து, சிறிய ஜெனரேட்டரே பல இடங்களில் போதும். பற்றாதவர்கள் இரண்டு சிறியதை வாங்கி இணைத்து ஓட்டலாம். தூக்குவதும் எளிது, ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும்.

உயரத்தை மட்டும் மறக்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3.5 சதவீதம் திறன் குறையும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000 அடி. தொடர்ந்து 1,800 வாட் தரும் இயந்திரம் அங்கே 1,350-ஐ ஒட்டித்தான் தரும். சட்னி அரைக்க 750 வாட் மிக்சியைப் போடும்போது மைக்ரோவேவை நிறுத்திவிட வேண்டும்.

“48 டெசிபல் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது”

குறைந்த சுமையில், ஏழு மீட்டர் தள்ளி நின்று அளந்த எண் அது. முழுச் சுமையில் அதே இயந்திரம் 57 வரை போகும். தேசியப் பூங்காக்களின் விதி 50 அடி தூரத்தில் 60 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். தச்சு வேலைக்கான திறந்த சட்ட ஜெனரேட்டரைக் கொண்டுபோய் ஒரு பள்ளத்தாக்கையே இரைய வைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

“வெளியில்தானே ஓடுகிறது, புகை காற்றோடு போய்விடும்”

இந்த நம்பிக்கைதான் ஆட்களைக் கொல்கிறது. அமெரிக்காவில் கையடக்க ஜெனரேட்டர்களின் கார்பன் மோனாக்சைடால் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பேர் சாகிறார்கள் என்று அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்பு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கும். நாள் முழுக்க வண்டி ஓட்டிய களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள்.

பின்தட்டில் வைத்தே ஓட்டுகிறவர்கள் ஒருமுறை தட்டின் அருகில் நின்று நிமிர்ந்து பாருங்கள். புகை வாய்க்கு நேர் மேலே பல டிரெய்லர்களில் பிள்ளைகள் தூங்கும் அடுக்குக் கட்டிலின் ஜன்னல் இருக்கிறது. ஜன்னலை மூடினாலும், தரையில் குழாய் போகும் ஓட்டைகளும் நீளும் அறையின் ரப்பர் இடுக்குகளும் இருக்கின்றன. ஆணையம் சொல்லும் தூரம் குறைந்தது 20 அடி, புகை வாய் மனிதர்கள் இல்லாத பக்கம் பார்த்தபடி. டிரெய்லரோடு வரும் 30 ஆம்பியர் ஒயரே 25 அடி இருக்கும். அது எட்டும் தூரத்துக்கு இறக்கி வையுங்கள். பக்கத்து டிரெய்லரின் ஜன்னலையும் பாருங்கள். இரவில் காற்று திசை மாறும். அதனால் படுக்கப்போகும் முன் நிறுத்திவிடுங்கள்.

புதிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் தானாக நிறுத்தும் உணரி வருகிறது. வரவேற்க வேண்டிய வசதி. ஆனால் அது ஜெனரேட்டரைச் சுற்றியுள்ள காற்றைத்தான் மோப்பம் பிடிக்கிறது, உங்கள் படுக்கையறைக் காற்றை அல்ல. அதற்கு டிரெய்லருக்குள் சுவரில் இருக்கும் எச்சரிக்கை மணிதான் காவல். அதன் ஆயுள் ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள். பழைய டிரெய்லர் வாங்கியவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் அதைக் கழற்றி, பின்புறம் அச்சிட்டிருக்கும் தேதியைப் படியுங்கள். காலம் கடந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.