பேய் தேடப் போகலாமா?



எட்டாம் வகுப்பில் ஒலியைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், பழைய கட்டடத்துல ராத்திரி பேய் தேடக் கூட்டிட்டுப் போறாங்களாமே, போலாமா?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. மணி அடித்தபின் என்னிடம் வந்து, "எங்க ஆயா பொய் சொல்லாது டீச்சர். தாத்தா விடியக்காலைல வாசல்ல உக்காந்து வலை பின்னுறதைப் பாத்துச்சாம்" என்றாள். அந்தத் தாத்தா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடலும் கரை சேரவில்லை. ஆயாவை மந்திரவாதியிடம் அழைத்துப் போகவேண்டும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்களாம்.

அன்று அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு தவறுகள்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் பழமொழி. அச்சத்தால் எல்லாவற்றையும் பேய் என்பது ஒரு தவறு. கேட்ட மாத்திரத்திலேயே "எல்லாம் பொய்" என்று நகைப்பது இன்னொரு தவறு. இருவருமே பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டவர்கள். உண்மையான ஐயம் என்பது மறுப்பு அன்று. பார்த்தவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது, அதற்குச் சொல்லப்படும் காரணத்தைச் சோதிப்பது, இவ்விரண்டும் சேர்ந்ததே ஐயம். ஆயா ஏதோ கண்டார் என்பது வேறு. கண்டது ஆவிதான் என்பது வேறு.

தேடியவர்களின் வரலாறு

இத்தகைய செய்திகளை முறைப்படி ஆராய 1882-இல் இலண்டனில் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. 1937-இல் ஹாரி பிரைஸ் என்பவர், பேய் வீடு என்று பெயர்பெற்ற போர்லி குருமனையை ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தார். பத்திரிகையில் விளம்பரம் செய்து 48 பார்வையாளர்களைத் திரட்டினார். அவர்களுக்கு அறிவுரைப் புத்தகம் ஒன்றும் அச்சிட்டுக் கொடுத்தார். அங்கேதான் பிழை நேர்ந்தது. அவ்வீட்டில் என்னென்ன தோன்றுவதாகப் பேச்சு என்பதும் அதில் இருந்தது! விடையை முன்னாலேயே காட்டிவிட்டுத் தேர்வு நடத்தினால் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? 1956-இல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மூவர் ஆதாரங்களை மறுபடி ஆராய்ந்து, பெரும்பாலானவற்றுக்கு இயற்கையான காரணங்களே போதும் என்று எழுதினர்.

நமக்கு நெருக்கமான பெயர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் ஒரு குருவானவரின் மகனாக 1898-இல் பிறந்து, இலங்கையில் தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றியவர். பேய் வீடு என்று சொல்லப்பட்ட இடங்களுக்கு நேரில் போய் ஆராய்ந்தவர். மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புத சக்தியைக் காட்டுவோருக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும் வரை எவரும் அதை வெல்லவில்லை. கடவுள் நம்பிக்கையில் அவர் நம்மோடு உடன்படாதவர். ஆயினும், கல் விழும் வீடுகளில் பலமுறை அவர் கண்டது மனம் நொந்த ஒரு மனிதரையே என்பது நாம் மறக்கக்கூடாத பாடம்.

காரணங்கள் சில

1921-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதை வெளியானது. காலடி ஓசை, தலைவலி, யாரோ பின்தொடர்வது போன்ற உணர்வு எல்லாம் அவ்வீட்டில் இருந்தன. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு கசிந்ததே காரணம். அடைத்த அறையில் கரியடுப்போ ஜெனரேட்டரோ ஓடினால் இதே ஆபத்து நமக்கும் உண்டு.

இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர் ஓர் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கடைக்கண்ணால் கண்டு நடுங்கினார். மறுநாள் இடுக்கியில் பொருத்தியிருந்த ஒரு மெல்லிய வாள் தானே அதிர்வதைப் பார்த்தார். புதிதாக மாட்டிய காற்றுப்போக்கி விசிறி, நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியை, விநாடிக்குச் சுமார் 19 அதிர்வுகளில், எழுப்பிக்கொண்டிருந்தது. இதை அவர் 1998-இல் வெளியிட்டார். இக்காரணம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நிறுவப்படவில்லை. ஆனால் பயந்த மனிதர் ஓடிவிடாமல் மறுநாள் வந்து பார்த்தார் பாருங்கள், அதுதான் விஞ்ஞானம்.

உறக்கத்தில் நெஞ்சின்மேல் உட்காரும் "அமுக்குவான் பேய்" வேறொன்றுமன்று. மூளை விழித்தபின்னும் உடல் சிறிது நேரம் அசையாதிருக்கும் நிலையே அது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. கலைத்தால் ஒளிவிடும் நுண்ணுயிர்களின் வேலை அது. பகலில் காய்ந்த தகரக் கூரை இரவில் குளிர்ந்து சுருங்கும்போது "டொக் டொக்" என்னும். பாழடைந்த மாடியில் அலறுவது பெரும்பாலும் கூகைதான்.

போவதானால்

நம் நாட்டிலும் கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய கட்டடங்களுக்கு இரவில் அழைத்துச் செல்லும் குழுக்கள் உண்டு. பெரியவளானபின், பெற்றோர் அறிய, உரிமையாளரின் அனுமதியோடு போவதில் தவறில்லை. ஆவிகளை அழைத்துப் பேச முயல்வதைத் திருச்சபை தடுக்கிறது. ஓர் ஓசைக்குக் காரணம் தேடுவதை அது தடுக்கவில்லை. போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள்:

1. முதலில் பகலில் சென்று பாருங்கள். உளுத்த படி, பாம்பு, அறுந்த மின்கம்பி ஆகியவை பேயைவிட ஆபத்தானவை.

2. இடத்தின் கதையை முன்கூட்டிக் கேட்காதீர்கள். கண்டதையும் கேட்டதையும் நேரத்தோடு ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

3. "காந்தப்புலக் கருவி துடிக்கிறது, பேய் வந்துவிட்டது" என்றால் சுவருக்குள் மின்கம்பி ஓடுகிறதா என்று கேளுங்கள்.

4. காரணம் கிடைக்காவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். தெரியாததற்குப் பேய் என்று பெயரிட்டால் அது தெரிந்ததாகிவிடாது.

விளையாட்டன்று

2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் இல்லம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். நோயைப் பேயென்று நம்பி உற்றாரை அவ்வூருக்குக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் பல. பேய் என்ற ஒரு சொல் மருத்துவரின் கதவை அடைத்துவிடுகிறது. நம் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையோ 1794 முதல் இருந்துவருகிறது. அங்கே போவதில் வெட்கமில்லை.

முடிவுரை

இராயபுரத்துக்குப் பெயர் தந்தவர் புனித இராயப்பர் என்பர். அவரும் மீனவர்தாம். இரவில் கடல்மேல் நடந்து வந்த ஆண்டவரைக் கண்டு பேய் என்று அலறியவர்களுள் அவரும் ஒருவர். உயிர்த்தெழுந்தபின் சீடர்கள் மறுபடி அஞ்சியபோது, ஆண்டவர் அவர்களைக் கடிந்து விரட்டவில்லை. தம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஐயத்தைச் சோதித்துப் பார்ப்பது விசுவாசத்துக்கு விரோதமன்று.

இனி அந்த மாணவிக்கு: வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் ஒரு மருத்துவர் விசாரித்து, 1971-இல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்த துணையை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தனர். பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவேயில்லை. உன் ஆயா பொய் சொல்லவில்லை, பைத்தியமும் இல்லை. உன்னிடம் சொல்லத் துணிந்திருக்கிறார். மந்திரவாதிக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தைப் பத்திரப்படுத்தச் சொல். உறக்கமோ உணவோ கெட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போ. விடியற்காலையில் அவர் வாசலுக்கு வரும்போது நீயும் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா எப்படி வலை பின்னுவார், சொல்லு ஆயா" என்று கேள்.