துறுதுறு பிள்ளையோட அம்மாவுக்கு அக்காவின் 9 டிப்ஸ்

தங்கச்சி, மகன் ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான், டீச்சர் அடிக்கடி கூப்பிட்டு அனுப்புறாங்க, மாமியார் ‘எல்லாம் நீ குடுக்கிற செல்லம்’ங்கிறாங்க. இதுக்கு நடுவுல டாக்டர் ‘ஏடிஹெச்டி’ (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு)ன்னு சொன்னதும் உனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நம்ம விருதுநகர் மாவட்டம் ரிசல்ட்டுக்குப் பேர் போனது. 2023 பிளஸ் டூவில் 97.85 சதவீதத்தோட மாநிலத்துலயே முதலிடம். இப்படிப்பட்ட ஊர்ல, உட்கார்ந்து படிக்க முடியாத பிள்ளைக்கு ‘மக்கு’, ‘வாலு’ன்னு பட்டம் சீக்கிரம் வந்துடும். எங்க போகணும், என்ன கேட்கணும், யாரைத் துணைக்குச் சேர்த்துக்கணும்? வரிசையா சொல்றேன்.

1. உன் மேல பழி போட்டுக்காதே

ஏடிஹெச்டி மூளை வளர்ச்சியோட சம்பந்தப்பட்டது. பெரும்பாலும் குடும்ப வழியா வரும். செல்லமோ, செல்போனோ இதை உண்டாக்கிடாது. டாக்டர்கள் பார்க்கிற கணக்கு இது: அறிகுறி 12 வயசுக்கு முன்னாடியே தொடங்கியிருக்கணும், ஆறு மாசத்துக்குக் குறையாம இருக்கணும், வீடு, பள்ளின்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும். தீபாவளி சீசன்ல நீ பட்டாசு ஆலைக்கு ஓவர்டைம் போகும்போது மட்டும் தூக்கம் கெட்டு ஆட்டம் போடுற பிள்ளையை இதுல சேர்க்க முடியாது. பொம்பளைப் பிள்ளைன்னா இன்னும் கவனி. பல பேர் ஆட்டம் போடாம, ஜன்னலைப் பார்த்துக்கிட்டு, நோட்டைத் தொலைச்சுக்கிட்டு அமைதியா இருப்பாங்க. அவங்களை யாரும் டாக்டர்கிட்ட அனுப்புறதே இல்லை.

2. அரசாங்கக் கதவுகளைத் தட்டு

2013-ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேங்கிற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்துல அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழு வருது. அவங்க பார்க்க வேண்டிய 30 குறைபாடுகள்ல ஏடிஹெச்டியும் ஒண்ணு. குழு வர்ற தேதியை ஹெச்.எம்.கிட்ட கேட்டு வச்சு, நேர்ல போய்ச் சொல்லு. அங்கிருந்து மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளு. 2022 ஜனவரியில திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் பிரிவுல காட்டலாம். மதுரை ராஜாஜி மருத்துவமனையும் இருக்கு. போகும்போது ரெண்டு மூணு பழைய நோட்டு, டீச்சர் கைப்பட எழுதின நாலு வரி எடுத்துட்டுப் போ. நீ அரை மணி நேரம் சொல்றதை அது அஞ்சு நிமிஷத்துல சொல்லிடும். முதல்ல பேசி மட்டும் பார்க்கணும்னா 14416, டெலி மனாஸ்ங்கிற அரசு மனநல உதவி எண். ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

3. மாத்திரைக்குப் பயப்படாதே, அவசரமும் படாதே

ஆறு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பொதுவா பெற்றோருக்கான பயிற்சியிலதான் தொடங்குவாங்க. அதுக்கு மேல தேவைப்பட்டா மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மருந்து, டாக்டர் சீட்டோட மட்டும். பசி குறையலாம், தூக்கம் வரத் தாமதமாகலாம். அதனால காலையில இட்லியை வயிறாரக் குடுத்துட்டு மாத்திரை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு நீயா நிறுத்தாதே. ஒரே மாசத்துல குணமாக்குறேன்னு பணம் கேட்கிறவங்க யாரா இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடு.

4. ஒரு நேரத்துல ஒரே வேலை

‘குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, பையை எடுத்துட்டு வா’ன்னு அடுப்படியில இருந்து கத்தாதே. ரெண்டாவது வேலையே காதுல ஏறாது. கிட்டப் போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து ‘குளி’ன்னு சொல்லு. வந்ததும் ‘யூனிஃபார்ம்’. அப்புறம், நம்ம சிவகாசியில அடிக்கிற தினசரி காலண்டர் சுவத்துல தொங்குதில்ல? ராத்திரியே மறுநாள் தாள்ல, ராகுகாலம், எமகண்டத்துக்குப் பக்கத்துல, மூணே வேலை பேனாவால எழுது: கணக்கு நோட்டு, தண்ணி பாட்டில், காலை மாத்திரை. முடிக்க முடிக்க அவனே அடிக்கட்டும். மூணும் அடிச்சாச்சுன்னா சாயங்காலம் தாளைக் கிழிக்கிற உரிமை அவனுக்கு. ‘சர்’ருன்னு கிழிக்கிற அந்தச் சத்தத்துக்காகவே பல பிள்ளைங்க வேலையை முடிப்பாங்க.

5. பள்ளியில வாயால கெஞ்சாதே, எழுதிக் குடு

வெள்ளைத் தாள்ல நாலே வரி போதும்: ‘என் மகனை முதல் பெஞ்சில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள். நடுநடுவே கரும்பலகை துடைக்க, நோட்டு அடுக்க எழுப்பி விடுங்கள். வீட்டுப்பாடத்தை டைரியில் குறித்தானா என்று ஒருமுறை பாருங்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் அவனைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.’ ஒரு நகல் உன்கிட்ட இருக்கட்டும், வாங்கினதுக்குக் கையெழுத்தும் கேளு. அடி, அவமானப்படுத்துறது ரெண்டையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு தடை பண்ணியிருக்கு. மீறினா 1098, குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடு.

6. சான்றிதழ் விஷயத்துல ஏமாறாதே

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு. அதுல ஏடிஹெச்டிக்குத் தனிப் பேர் இல்லை. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கு. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகள் பல பேருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும். அதனால ‘டிஸ்லெக்ஸியா மாதிரி கற்றல் குறைபாடு இருக்கான்னும் பாருங்க டாக்டர்’னு வாய்விட்டுக் கேளு. அது உறுதியானா, அரசுப் பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு மாதிரி சலுகைகளுக்கு ஹெச்.எம். வழியா விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு மார்ச்ல ஓடாதே. ஒன்பதாம் வகுப்புலயே வேலையைத் தொடங்கு.

7. நாலு பேரைச் சேர்

ஒருத்தி கேட்டா ‘உங்க பையன்தாம்மா பிரச்சினை’ன்னு அனுப்பிடுவாங்க. நாலு அம்மா சேர்ந்து கேட்டா, அது பள்ளியோட பிரச்சினை. இதுக்குப் புதுசா சங்கம் வைக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவுல சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதுல நீ உறுப்பினராகு, இல்லைன்னா உறுப்பினர்கிட்ட விஷயத்தைச் சொல்லித் தீர்மானத்துல எழுத வை. மகளிர் குழு கூடுற நாள்ல கணக்கு முடிஞ்சதும் பத்து நிமிஷம் இதைப் பேசு. ‘எங்க வீட்லயும் அப்படித்தான்’னு யாராவது சொல்லத் தொடங்குவாங்க. பள்ளியில வேலை ஆகலைன்னா எல்லாரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு குடுங்க. மனு ரசீதைப் பத்திரமா வை.

8. ‘படிப்பு ஏறலை, ஆலைக்கு அனுப்பு’ன்னா அசையாதே

நம்ம பக்கம் இதுதான் பெரிய ஆபத்து. தீப்பெட்டி ஆலைக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றம் 1996-ல எம்.சி.மேத்தா வழக்குல தீர்ப்பு சொன்ன பூமி இது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட 2016 திருத்தத்துக்கு அப்புறம் 14 வயசுக்குக் கீழே கூலி வேலையே கூடாது. 18 முடியாம வெடிமருந்து வேலைக்கு எடுக்கவே கூடாது. படிப்பு கஷ்டம்னா ஐடிஐ, பாலிடெக்னிக் வழியைப் பாரு. கையால செய்யுற வேலையில இந்தப் பிள்ளைங்க பல பேர் நிமிர்ந்துடுவாங்க. பெரியவங்களுக்கும் ஏடிஹெச்டி உண்டு. உன் வீட்டுக்காரருக்கோ தம்பிக்கோ அப்படி இருந்தா, உராய்வுல தீப்பிடிக்கிற மருந்து செலுத்துற அறையை விட்டுட்டு, பேக்கிங், லேபிள், அச்சக வேலைன்னு மாத்திக் கேட்கச் சொல்லு. அப்படிக் கேட்கிறதுல வெட்கம் என்ன இருக்கு?

9. வீட்டுல வெடியைப் பூட்டி வை

யோசிக்கிறதுக்கு முன்னாடி கை போயிடும், அதான் இந்தப் பிள்ளைங்க சுபாவம். கம்பி மத்தாப்புக்குக் கூடப் பெரியவங்க கைப்பிடியில நிக்கணும். வெடிக்காத வெடியைப் பொறுக்கப் போறதைத் தடுக்கத் தீபாவளிக்கு மறுநாள் காலையில அவனுக்கு வேற வேலை குடு. பங்குனிப் பொங்கல் திருவிழாக் கூட்டத்துல சட்டைப் பையில உன் போன் நம்பர் எழுதின சீட்டு இருக்கணும். வெடிமருந்து ஒட்டியிருக்கும், அதனால ஆலை உடுப்போட பிள்ளையைத் தூக்காதே. கை கால் கழுவி, உடுப்பு மாத்திட்டுத் தூக்கு.

இந்த ஒன்பதையும் ஒரே வாரத்துல செய்யணும்னு நினைச்சா நீ படுத்துடுவ. இந்த வாரம் ரெண்டே ரெண்டு: அந்த நாலு வரிக் கடிதத்தை எழுதி ஹெச்.எம்.கிட்ட குடு, உன்னை மாதிரி இருக்கிற இன்னொரு அம்மாவோட நம்பரை வாங்கு. மத்ததெல்லாம் ரெண்டு பேருமா சேர்ந்து பார்த்துக்கலாம்.