எச்சில் பண்ணியே குடியுங்கள்

அபிராமபுரம், மயிலாப்பூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார்கள். டம்ளரில் உதடு படக்கூடாது. பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் முற்றிய பிறகும் அந்த ஆசாரம் போகவில்லை. அடிக்கடி புரையேறும். "யாரோ நினைக்கிறா" என்று பெரியம்மா உச்சந்தலையில் தட்டுவாள். யாரும் நினைக்கவில்லை. அண்ணாந்தால் மூச்சுக்குழல் திறந்துகொள்ளும்; தொண்டைத் தசை மந்தமானவருக்குத் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

• விழுங்கத் திணறுபவர் நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் ஊன்றி உட்காரட்டும். சாப்பிட்ட பின்னும் அரைமணி நேரம் அப்படியே.

• சின்ன ஸ்பூனில் ஒவ்வொரு வாயாக. விழுங்கி முடித்த பிறகே அடுத்தது.

• பார்க்கின்சன் மாத்திரை வேலை செய்து உடம்பு இளகியிருக்கும் நேரம் பார்த்து இலை போடுங்கள்.

• உடம்பு சரியில்லை என்றாலே நாம் கரைத்துக் கொடுப்பது ரசம் சாதம். இவர்களுக்கு அதுதான் வம்பு. ரசம் முந்தி ஓடிவிடும், பருக்கை வாயிலேயே நிற்கும். சாதத்தைக் குழைய வேகவைத்து, நீர் பிரியாத கெட்டித் தயிரில் மசியப் பிசையுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். ஒட்டவும் கூடாது, ஒழுகவும் கூடாது.

• தண்ணீரைக் கெட்டியாக்கப் பவுடர் உண்டு. எவ்வளவு கெட்டி என்பதைப் பேச்சுப் பயிற்சி நிபுணர் சொல்லட்டும்.

• காபிக்கு அனுமதி இருந்தால் டவராவிலேயே கொடுங்கள். அகன்ற வாய், மூக்கு இடிக்காது, தலையைச் சாய்க்காமல் உறிஞ்சலாம்.

• சாப்பிட்டதும் வாயைச் சுத்தம் செய்யுங்கள். வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

செய்யக்கூடாதவை

• படுக்க வைத்துப் பாலாடையில் புகட்டாதீர்கள்.

• வாயில் கவளம் இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். சீரியலையும் நிறுத்துங்கள்.

• புரையேறியதும் தண்ணீரை நீட்டாதீர்கள். முன்னே குனிந்து இருமட்டும். இருமலும் பேச்சும் நின்று மூச்சுத் திணறினால் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஓங்கி ஐந்து தட்டு. கூடவே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்.

• மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் பொடிக்காதீர்கள்.

• தாடையைத் தாழ்த்தி விழுங்கும் உத்தி எல்லோருக்கும் ஒத்துவராது. பக்கத்து வீட்டாரைப் பார்த்து நீங்களே ஆரம்பிக்காதீர்கள்.

• இருமவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சத்தமே இல்லாமலும் உணவு நுரையீரலுக்குள் போகும். சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் களகளப்பது, அடிக்கடி காய்ச்சல், உடம்பு இளைப்பது: இவைதான் துப்பு.

• "சின்ன வயசுதானே" என்றும் தள்ளிப்போடாதீர்கள். 1970-இல் டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி பதிவு செய்த நரம்பு நோய்க்கு நம் ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள்: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். இளவயதிலேயே வரும், காதும் மந்தமாகும், தொண்டையும் தளரும்.

• உணவு செலுத்த வயிற்றில் குழாய் வைக்கச் சொன்னால் தோற்றுப்போனதாக நினைக்காதீர்கள். மோட்டார் நியூரான் நோயில் மூச்சு பலவீனமாகும் முன்பே இதை முடிவு செய்வது நல்லது.

பேச்சுப் பயிற்சி நிபுணர் பேச்சுக்கு மட்டும் இல்லை; விழுங்குவதைச் சோதிப்பதும் பழக்குவதும் அவர் வேலைதான். சோதனை என்றால் பேரியம் கலந்த உணவோடு எக்ஸ்ரே, அல்லது மூக்கு வழியாகக் காமிரா. முதல் நிமோனியாவுக்கு முன்பே அவரிடம் போய்விடுங்கள். நாங்கள் அதற்குப் பிறகுதான் போனோம்.