‘நம:’ என்னும் சொல்

இறைவன் அனைத்தும் அறிந்தவன். அவ்வாறிருக்க, ஒரே மந்திரத்தை நூறு முறை, ஆயிரம் முறை சொல்வது எதற்காக? ஒருமுறை சொன்னால் அவன் செவியில் விழாதா? ஜபம் செய்யத் தொடங்கும் அன்பர்கள் பலருக்கும் எழும் ஐயம் இது.

திருவனந்தபுரம் ஸ்ரீபத்மநாப சுவாமி திருக்கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் முறஜபம் இவ்விஷயத்தில் சிந்திக்கத்தக்கது. நம் ‘முறை’ என்னும் சொல்லே மலையாளத்தில் ‘முற’. ஏழு நாட்கள் கொண்டது ஒரு முறை. இவ்வாறு எட்டு முறைகள், அதாவது 56 நாட்கள், வேதங்கள் ஓதப்படுகின்றன. மகர சங்கராந்தியன்று இலட்ச தீபத்துடன் ஜபம் நிறைவுறும். 2025 நவம்பரில் தொடங்கிய முறஜபம் 2026 ஜனவரியில் நிறைவெய்தியது.

இதனை ஏற்படுத்தியவர் 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர். போர்களில் நேர்ந்த பாவங்களுக்குப் பிராயச்சித்தமாகவே ஏற்படுத்தினார் என்பது மரபு. அம்மன்னரே 1750 ஜனவரியில் நாடு முழுவதையும் பத்மநாபருக்கு அர்ப்பணித்து, அதன்பின் ‘பத்மநாப தாசர்’ என்ற நிலையில் ஆட்சி புரிந்தார். இந்த அர்ப்பணம் ‘திருப்படித்தானம்’ எனப்படுகிறது.

ஐந்தெழுத்திலும் எட்டெழுத்திலும் அமைந்துள்ள சொல் ‘நம:’. வணக்கம் என்பது அதன் நேர்ப்பொருள். ஆசாரியர்கள் அதனை ‘ந மம’ என்று பிரித்து, ‘எனதன்று’ எனவும் பொருள் உரைப்பர். மன்னர் செயலால் காட்டியது இப்பொருளையே.

ஒரு நாட்டை ஒரே நாளில் கொடுத்துவிடலாம். ஆனால் ‘எனது’ என்னும் எண்ணம் மறுநாளே மனத்தில் வந்து அமர்ந்துவிடும். ஆதலால்தான் மந்திரத்தையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியுள்ளது. இறைவன் முதல் முறையிலேயே கேட்டுவிடுகிறான். இன்னும் கேளாதிருப்பது நம் மனமே.

அம்மனம் கேட்பதற்கு வழி என்ன? பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் பிரணவ ஜபத்தோடு, அதன் பொருளை மனத்தில் இருத்துவதையும் சேர்த்தே கூறுகிறார். நாவால் மட்டும் சொல்லும் ஜபமும் வீணன்று. ஆயினும் பொருள் உடன் சேரும்போதே அது மனத்தைத் திருத்துகிறது.

வேதம் பயிலாதோர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இதே தலத்தைத் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பாடிய நம்மாழ்வார், ‘கேசவன்’ என்ற ஒரு திருநாமத்தைச் சொல்வதே துன்பங்களைத் தீர்க்கப் போதுமானது என்று அருளியுள்ளார்.

ஆகவே, நாள்தோறும் ஜபம் முடித்து எழும்போது, நாம் இறுகப் பற்றியுள்ள ஒன்றை நினைவுகூர்வோம். அது பதவியாகலாம், பிள்ளைகள்மீதுள்ள உரிமையாகலாம், நெடுநாள் கோபமாகலாம். ‘இது எனதன்று’ என்று அதனை இறைவன் திருவடியில் வைப்போம். மறுநாள் அது திரும்பி வந்தால், மீண்டும் வைப்போம். அதுவே நம் முறஜபம்.