சைக்கிளுக்கு ஏற்ற இரவு விளக்கு

கிராமங்களில் இரவுப் பயணம் பொழுதுபோக்கிற்காகச் செய்யப்படுவதன்று. விடியுமுன் பால் கறந்து கூட்டுறவுச் சங்கத்திற்குக் கொண்டு செல்வோரும், இரவு முறைக்கு நீர் பாய்ச்ச வயலுக்குப் போவோரும், ஆலையில் வேலை முடித்து ஊர் திரும்புவோரும், தனிப் பயிற்சி முடிந்து வரும் மாணவ மாணவியரும் இன்றும் சைக்கிளை நம்பியே உள்ளனர். இவர்களுள் பலர் விளக்கின்றியே செல்கின்றனர். விளக்கு உள்ளவரும் முன்புறம் மட்டும் ஒன்றை மாட்டிக்கொண்டு, பின்புறத்தை இருளில் விட்டுவிடுகின்றனர். நமது நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்றும், விபத்துக்கள் மிகுதியாக நிகழும் நேரம் மாலை 6 மணி முதல் 9 மணி வரை என்றும் மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை கூறுகிறது. ஆகவே நல்ல விளக்கைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

எண்ணெய் விளக்கைக் கைப்பிடியின் முன் மாட்டிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. விளக்கின்றிச் சென்றால் போலீசார் நிறுத்தி அபராதம் விதிப்பர் என்ற அச்சமும் அன்று இருந்தது. பின்னர் டயரில் உராய்ந்து சுழலும் டைனமோ வந்தது. மோட்டார் சைக்கிள் பெருகிய பின் சைக்கிள் விளக்கைப் பற்றிய கவலை மெல்ல மறைந்தது. விளக்கு மறைந்ததேயன்றி இருள் மறையவில்லை. சாலையில் ஓடும் வண்டிகளின் வேகமோ பன்மடங்கு கூடிவிட்டது.

சைக்கிள் விளக்கிற்கு இரண்டு வேலைகள் உண்டு. வழியை நாம் காண்பது ஒன்று. நம்மைப் பிறர் காண்பது மற்றொன்று. விளக்கு வாங்கச் செல்வோர் முதலாவதையே எண்ணுகின்றனர். பள்ளத்தில் விழுந்தால் முழங்கால் சிராய்க்கும்; பின்னால் வரும் லாரி காணத் தவறினால் உயிரே போகும். கையில் உள்ள பணம் ஒரு விளக்கிற்கு மட்டுமே போதுமெனின், முதலில் சிவப்புப் பின்விளக்கையே வாங்குக என்பது நமது கருத்து. 

இதற்குக் காரணத்தைக் கணக்கிட்டே காட்டலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. ஓட்டுபவர் ஒன்றைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் கார் 25 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்து நிற்க மேலும் அவ்வளவு தூரம் வேண்டும். ஆக, நிற்பதற்கு ஏறக்குறைய 50 மீட்டர் தேவை. பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் மிகுதி. தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியிலோ, கருநிற உடை அணிந்தவர் 30, 40 மீட்டர் தொலைவிற்கு வந்த பின்னரே தென்படுவது வழக்கம். எதிரே மற்றொரு வண்டியின் ஒளி கண்ணில் பட்டுவிட்டால் அதுவும் இல்லை. சிறிய சிவப்பு விளக்கு ஒன்று இருப்பின், நேரான சாலையில் சில நூறு மீட்டர் தொலைவிலேயே ஓட்டுபவர் எச்சரிக்கை அடைவார். 

பின்விளக்கை எங்கே பொருத்துவது என்பதும் கவனிக்கத்தக்கது. இருக்கைக்குக் கீழே மாட்டும் விளக்குகள் கடைகளில் மிகுதி. அவை நகரத்தாருக்குப் பொருந்தும். நமது சைக்கிளின் பின்புறத்தில் புல்லுக்கட்டு இருக்கும். இருபுறமும் பால் கேன் தொங்கும். உர மூட்டையும் ஏறும். அப்பாரம் விளக்கை முற்றிலும் மறைத்துவிடும். எனவே கேரியரின் கடைக்கோடியிலோ, பின் மட்கார்டின் மீதோ, பாரம் தொங்கி மறைக்காத இடத்தில் பொருத்துதல் வேண்டும். பொருத்திய பின் பாரத்தை ஏற்றிவிட்டு இருபது அடி பின்னால் நின்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மினுக்கும் விளக்கு விரைவில் கண்ணை ஈர்க்கும் என்பது மெய்யே. ஆயினும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மினுக்கும் ஒளியைக் கொண்டு மதிப்பிடுதல் கடினம். விளக்கில்லாத சாலையில் நிலையாக எரியும் சிவப்பு ஒளியே மேல் எனக் கருதுகிறோம்.

பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பானையும், மிதிகளிலுள்ள மஞ்சள் பிரதிபலிப்பான்களையும் சிலர் பயனற்றவை என்று கழற்றி எறிகின்றனர். மிதிகள் மேலும் கீழும் அசைவதால், வருவது சைக்கிள் என்பதைத் தொலைவிலேயே அவை உணர்த்திவிடும். மின்கலம் தீர்ந்த நாளிலும் அவை வேலை செய்யும். ஆனால் பிறர் வண்டியின் ஒளி அவற்றின்மீது பட்டால்தான் அவை ஒளிரும். ஆதலின் அவை விளக்கிற்குத் துணையேயன்றி விளக்கிற்கு மாற்று அல்ல.

இனி முன்விளக்கு. எவ்வளவு தூரம் ஒளி வேண்டும் என்பதை நமது வேகமே முடிவு செய்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், ஒரு கல்லைக் கண்டு நிற்பதற்கு உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 14 மீட்டர் வேண்டும். மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டைகள் பிடிக்கத் தாமதிக்கும். தூரம் இன்னும் கூடும். நான்கடி தூரத்திற்கு மட்டும் ஒளி வீசும் பொம்மை விளக்கும், ஒரு கையில் பிடித்த கைப்பேசியின் ஒளியும் இதற்கு உதவா. கைப்பேசியைப் பிடித்த கை பிரேக்கையும் பிடிக்க இயலாது. 

கடைகளில் விளக்கின் பெட்டிமீது ‘லூமன்’ என்ற எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவே லூமன். ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் செறிவை ‘லக்ஸ்’ என்பர். விவசாயிகளுக்கு இதை எளிதில் விளக்கலாம். மோட்டார் இறைக்கும் மொத்த நீர் லூமனைப் போன்றது. ஒரு பாத்தியில் வந்து சேரும் நீர் லக்ஸைப் போன்றது. வாய்க்கால் உடைந்து வழியெல்லாம் சிந்தினால், எவ்வளவு பெரிய மோட்டாராயினும் கடைசிப் பாத்தி காய்ந்துதான் கிடக்கும். அதுபோலவே, மரக்கிளைகளிலும் எதிரில் வருவோர் கண்களிலும் சிந்தும் ஒளியால் சாலைக்குப் பயனில்லை. தொலைவு இருமடங்கானால் ஒளியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. 

ஜெர்மனி நாட்டில் சைக்கிள் விளக்கை லூமனால் அளப்பதில்லை. விளக்கிலிருந்து 10 மீட்டர் தொலைவில், மிகுந்த ஒளி விழும் இடத்தில் குறைந்தது 10 லக்ஸ் இருத்தல் வேண்டும். மேல்நோக்கிச் செல்லும் ஒளி 2 லக்ஸுக்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டு விதி. ஒளியின் மேல்விளிம்பை வெட்டினாற்போல் நிறுத்தி, முழுவதையும் சாலையில் விரிக்கும் இத்தகைய விளக்குகள் சற்று விலை மிகுந்தவை, ஆயினும் சிறந்தவை. வட்டமாக ஒளி வீசும் சாதாரண விளக்கே கிடைக்குமாயின், மெய்யான 200 முதல் 400 லூமன் வரை உள்ளது தெருவிளக்கற்ற கிராமச் சாலைக்குப் போதுமானது. ஊருக்குள் செல்வதற்கு 100 லூமனே போதும்.

‘மெய்யான’ என்று நாம் கூறியதற்குக் காரணம் உண்டு. சந்தைகளில் மலிவாக விற்கும் சில விளக்குகளின்மேல் ‘10,000 லூமன்’ என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். எல்.இ.டி. விளக்கு ஒரு வாட் மின்சாரத்திற்கு ஏறக்குறைய 100 லூமன் ஒளி தரும். அவ்வாறெனின் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். அவ்விளக்கினுள் இருப்பதோ, பெரும்பாலும், 18 மில்லிமீட்டர் தடிப்பும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒற்றை லித்தியம் மின்கலம். அதன் கொள்ளளவு 2,600 மில்லி ஆம்பியர் மணி என்று கொண்டால், அதில் சேமிக்கப்படும் ஆற்றல் 10 வாட்-மணிக்கும் குறைவே. 100 வாட் விளக்கை அது ஆறு நிமிடம்கூட எரிக்காது. அதே மின்கலம் 3 வாட் விளக்கை ஏறக்குறைய மூன்று மணி நேரம் எரிக்கும். இம்மின்கலத்தில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பின், அப்பொருளை வாங்காமல் திரும்பிவிடலாம். இந்த அளவுள்ள கலங்களில் நல்லவையே ஏறக்குறைய 3,500 வரைதான் கொள்ளும். எத்தனை மணி நேரம், எந்த ஒளியளவில் எரியும் என்று இரண்டையும் சேர்த்துக் கூறும் விளக்கையே நம்பி வாங்குக.

டைனமோவை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பழைய டைனமோ 6 வோல்ட்டில் 3 வாட் தரும், 2.4 வாட் முன்பல்பிற்கும் 0.6 வாட் பின்பல்பிற்கும் அது பகிர்ந்தளிக்கப்பட்டது. முன்பல்பு கருகினால் உடனே பின்பல்பும் கருகிவிடும் என்பதைப் பெரியவர்கள் அறிவர். இழை பல்பு ஒரு வாட்டிற்குப் பத்து லூமன் அளவே ஒளி தந்தது. டைனமோவிற்கென்றே செய்யப்பட்ட எல்.இ.டி. விளக்கு அதே 3 வாட்டைக் கொண்டு பன்மடங்கு ஒளி தருகிறது. மின்தேக்கி பொருத்தியதாயின், சைக்கிள் நின்ற பின்னும் சில நிமிடங்கள் எரியும். நாள்தோறும் இரவில் நெடுந்தூரம் செல்வோருக்கு இது ஏற்றது. ஆனால் சாதாரண எல்.இ.டி. பல்பைப் பழைய டைனமோவில் நேரே இணைத்தால், இறக்கத்தில் வேகம் கூடும்போது மின்னழுத்தம் மிகுந்து பல்பு பழுதாகும். சேற்றிலும் மழையிலும் டைனமோ உருளை வழுக்கும் குறையும் உண்டு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் விளக்கின் தரம் வெளிப்படும். பெட்டியில் ‘ஐ.பி.எக்ஸ். 4’ என்றிருப்பின் மழைச்சாரலைத் தாங்கும், ‘ஐ.பி.எக்ஸ். 6’ வேகமாகப் பாய்ச்சும் நீரையும் தாங்கும். மின்னேற்றும் துளைக்கு இறுக்கமான ரப்பர் மூடி உள்ளதா என்று பார்த்து வாங்குக. உப்பிய மின்கலத்தை மீண்டும் மின்னேற்றலாகாது. 

எவ்வளவு நல்ல விளக்காயினும், அண்ணாந்து நிற்குமாறு மாட்டினால் அது தீமையே செய்யும். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. கூசும் ஒளி ஒன்று அதனை ஒரு நொடியில் கெடுத்துவிடும். ஒற்றையடிச் சாலையில் எதிரே வருபவர் கண்கூசி நம்மீதே மோத நேரும். வயலில் நெற்றியில் கட்டும் விளக்கைச் சைக்கிளிலும் அணிந்து வருவோரை இங்கே குறிப்பிட வேண்டும். அவர்கள் யாரைப் பார்க்கின்றனரோ அவருடைய கண்ணில்தான் ஒளி விழுகிறது!

விளக்கைச் சாய்க்கும் அளவை அறிய எளிய முறை உண்டு. சமதரையில், விளக்கு ஒரு சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்குமாறு சைக்கிளை நிறுத்துக. வழக்கமான பாரத்தை ஏற்றிக்கொள்க. ஒளிவட்டத்தின் நடுப்பகுதி, விளக்கின் உயரத்தில் சரிபாதியில் சுவரில் விழவேண்டும். விளக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் சுவரில் 45 சென்டிமீட்டர். இவ்வாறு சாய்த்த விளக்கின் நடு ஒளி 10 மீட்டரில் தரையைத் தொடும். வட்டத்தின் மேற்பகுதி அதற்கப்பாலும் வழிகாட்டும்.

ஊராட்சிகள் இதற்கெனப் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. ஊராட்சி அலுவலகத்தின் வெளிச்சுவரிலோ பால் சங்கக் கட்டடத்திலோ 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடும், அதற்கு நேரே 5 மீட்டர் தள்ளித் தரையில் மற்றொரு கோடும் வெள்ளைச் சாயத்தால் வரைந்து வைத்தால், விளக்கு வாங்கியோர் ஒவ்வொருவரும் அங்கே நிறுத்திச் சரிபார்த்துக்கொள்ளலாம். விளக்கு மாட்டிய உயரம் கூடக் குறைய இருப்பின் அதற்கேற்பக் கோட்டிற்குச் சற்று மேலோ கீழோ வைத்துக்கொள்க. மழைக்காலம் வலுக்குமுன் அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுவதால், அன்றைக்குள் கோடுகளை வரைந்துவிட்டு, பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி பெற்ற மாணவ மாணவியரை முதலில் அழைத்து, அவர்களுடைய பின்விளக்கையும் பிரதிபலிப்பான்களையும் உறுப்பினர்கள் பார்வையிடலாம். மாட்டு வண்டிகளையும், கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்களையும் அதே நாளில் அழைத்துப் பின்பலகையில் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை ஒட்டிவிடலாம்.